இந்த வாரம் முதலிடம்

"டீச்சர், எதை வாங்கட்டும்?" என்று கேட்டார் அருமைநாயகம் அண்ணாச்சி.

"எதை வாங்கினாலும் சரி" என்றார் எஸ்தர் டீச்சர்.

இதுதான் கேள்வி, இதுதான் பதில். ஒவ்வொரு ஞாயிறும் இதே பாட்டு. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

எங்களுக்கு என்றால், பாளையங்கோட்டையில் டயர் கடை மாடியில் எஸ்தர் டீச்சரிடம் புகைப்படம் எடுக்கப் படிக்கிற ஏழெட்டுப் பேருக்கு. டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். அண்ணாச்சிக்கு அறுபது. வயதைப் பார்த்தால் அண்ணாச்சிதான் குரு. ஆனால் அவர் சீடர், அதுவும் முதல் வரிசைச் சீடர். டீச்சர் தும்மினால்கூடக் குறித்துக்கொள்ளும் ரகம். நான் பிச்சையா, கடைசி வரிசை. மூன்று வருஷமாகப் படிக்கிறேன். என் படம் ஒன்றையாவது டீச்சர் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. அதனால் எனக்கு எல்லார் மேலும் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அங்கங்கே அது தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சிக்கு ஒரு கிறுக்கு. ஜப்பானில் கேமராக் கடைகளில் எது அதிகம் விற்றது என்று வாராவாரம் ஒரு பட்டியல் வரும். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அதை எவனாவது பார்ப்பானா? அண்ணாச்சி பார்ப்பார். பார்த்ததோடு விடமாட்டார். சனிக்கிழமைதோறும் யூடியூபில் வந்து, "போன வாரம் நாலாம் இடத்துல இருந்தவரு இந்த வாரம் ரெண்டாம் இடத்துக்கு ஏறிட்டாரு" என்று கேமராவுக்கு மரியாதை கொடுத்துப் பேசுவார். அதைக் கேட்கவும் ஒரு கூட்டம் இருந்தது. அவர் பேச்சைக் கேட்டுக் கேமரா வாங்கினவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர்.

அண்ணாச்சியிடம் மட்டும் கேமரா கிடையாது.

முதல் இடத்துக்கு வருவதை வாங்கலாம் என்று இருந்தார். முதல் இடத்துக்கு வந்தது அடுத்த வாரம் இறங்கிவிடும். இறங்கியதை வாங்க மனசு வராது. வகுப்பில் என் கேமராவைத்தான் கடன் கேட்டு வாங்கிப் பிடிப்பார். கொடுக்கும்போது துடைத்துத் தருவார், அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

அந்த ஞாயிறு டீச்சர் வழக்கமான பதிலோடு நிறுத்தவில்லை.

"யாரை எடுக்கணும், அண்ணாச்சி?"

"வீட்டுக்காரியை."

"எடுங்க. அதுக்கென்ன?"

"அவளுக்கு வயித்துல கட்டி, டீச்சர். இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னு ஆஸ்பத்திரியில அனுப்பிட்டாக."

வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் வாசித்த மனுஷன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. ரெண்டும் ஒன்றாக வந்தால் மனுஷன் என்ன செய்வான்?

"அவளே என்கிட்ட கேக்கா" என்றார் அண்ணாச்சி. "மாலை போடுற படத்தை நீங்க எடுத்துத் தாங்கங்கா."

"எப்ப கேட்டாங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"இப்பவே எதுக்கு அந்தப் படம்?"

"எங்கம்மா சாவும்போது வீட்டுல ஒரு படம் கிடையாது, டீச்சர். செத்த பொறவு ஸ்டுடியோக்காரரைக் கூட்டியாந்து எடுத்தோம். கண்ணு மூடியிருக்குலா? அவரு கம்ப்யூட்டர்ல வேற யாரு கண்ணையோ வெட்டி ஒட்டித் திறந்து குடுத்துட்டாரு. ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான செய்யுதாக. அந்தப் படம்தான் இன்னமும் சுவத்துல தொங்குது. இவ அதைப் பாத்துப் பயந்து போயிருக்கா. எனக்கு அப்படிச் செஞ்சிராதீக, நான் கண்ணை மூடுமுன்ன எடுத்துருங்க, என் கண்ணு எனக்கு வேணுங்கா."

"வேற படமே இல்லையா?"

"ஆதார் அட்டையில ஒண்ணு இருக்கு. அதை மாட்டுனா ஆவியா வந்து அடிப்பேங்கா. கல்யாண வீடுகள்ல எடுத்ததுல எல்லாம் எவ முதுகுக்குப் பின்னாலயாவது ஒளிஞ்சு நிப்பா. கூச்சம்."

"அப்ப எடுங்க."

"எதுல எடுக்க?" என்று போனை நீட்டினார்.

பட்டியல்தான். டீச்சர் வாங்கிப் பார்த்தார்.

"முதல்ல இருக்கது மிரர்லெஸ், டீச்சர். உள்ளங்கைக்குள்ள அடங்கும். பழைய பெரிய கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி உண்டுலா, அது ஏறி இறங்க இடம் வேணும்னுதான அம்புட்டுப் பெருசு? இதுல அந்தக் கண்ணாடியே கிடையாது. கனமில்ல. சத்தமில்ல. ஆஸ்பத்திரியில அவளை எத்தனையோ மிஷினுக்குள்ள தள்ளி எடுத்துட்டாக. இனிமே கருப்பா பெருசா ஒண்ணு மூஞ்சிக்கு நேரா வந்தாலே வெறைச்சுப் போயிருவா. இது சின்னதுங்கதால என் முகமும் அவளுக்குத் தெரியும். நான் எப்ப எடுத்தேன்னே அவளுக்குத் தெரியாது."

அவர் பட்டியல் வாசித்து எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒரு கேமரா ஏன் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"அப்ப அதையே வாங்குங்க" என்றார் டீச்சர்.

"கிடைக்காது, டீச்சர். முதல் இடத்துல இருக்கது எந்தக் கடையிலயும் இருக்காது. பேரைப் பதிஞ்சு வச்சுட்டுக் காத்துக் கிடக்கணும்."

"ரெண்டாவது?"

"அதுல கண்ணை வச்சுப் பாக்க வழி கிடையாது. பின்னால உள்ள திரையிலதான் பாக்கணும். வெயில்ல ஒண்ணும் தெரியாது."

"மதினி வெயில்லயா உக்காரப் போறாங்க?"

அண்ணாச்சி போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"மூணாவது?"

"கனம்."

"போன் இருக்கே?"

"போன்ல எடுக்கதெல்லாம் ஒரு படமா, டீச்சர்?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"உங்க பட்டியல்ல மதினி எத்தனாவது இடம், அண்ணாச்சி?" என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிச்சையா, கொஞ்சம் வெளிய நில்லுங்க."

வெளியே போய் நின்றேன். கீழே டயர் கடையிலிருந்து ரப்பர் வாடை வந்தது. கதவு வழியாக டீச்சர் சொன்னது கேட்டது.

"அண்ணாச்சி, இந்த வாரம் கேமரா வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம் மதினிக்கு எதிர்ல உக்காருங்க. சும்மா பாருங்க. வந்து சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

"உக்காந்தீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"உக்காந்தேன், டீச்சர்."

"என்ன பாத்தீங்க?"

"மூக்குத்தி. கழுத்துல ஒரு மச்சம். பொறவு..." என்று இழுத்தார். "பொறவு போனை எடுத்துட்டேன்."

"ஏன்?"

"அவ என்னையே பாத்துக்கிட்டு இருக்கா, டீச்சர். கண்ணை எடுக்கவே மாட்டேங்கா. எம்புட்டு நேரந்தான் தாங்கது?"

"போன்ல என்ன பாத்தீங்க?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "பட்டியல். புதுசு வந்திருந்துச்சு. முதல் இடம் மாறிட்டு, டீச்சர். நான் போன வாரம் பதிஞ்சு வச்சது ரெண்டாவதுக்கு இறங்கிட்டு. அதை வேண்டாம்னு சொல்லிட்டு இதைப் பதியட்டுமா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சத்தியமாக நான் இல்லை.

"மதினி மாறிட்டாங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"கன்னம் ஒட்டிப்போச்சு. கண்ணு மட்டும் அப்படியே இருக்கு."

"பதிஞ்சதை மாத்தாதீங்க" என்றார் டீச்சர். "நாளைக்கு நான் வீட்டுக்கு வர்றேன்."

மறுநாள் சாயங்காலம் என் ஸ்கூட்டரில் டீச்சரை ஏற்றிக்கொண்டு சமாதானபுரம் போனேன். அண்ணாச்சி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூடத்தில் கட்டில் போட்டு, தலையணை அடுக்கி, அதில் சாய்ந்திருந்தார் சண்முகக்கனி மதினி. உடம்பில் ஒன்றும் இல்லை. வாய் மட்டும் முழுசாக இருந்தது.

"வாங்க டீச்சர். உங்க பேரைச் சொல்லாம இவுக சோறு திங்க மாட்டாக." என்னைப் பார்த்தார். "இது ஆரு, கடைசி வரிசையா?"

என் புகழ் சமாதானபுரம்வரை பரவியிருந்தது.

"அந்தப் படத்தைப் பாத்தீகளா?" என்று சுவரைக் காட்டினார் மதினி. "எம்மாமியா. அவுகளுக்குச் சின்னக் கண்ணு, அதுலயும் ஒண்ணரைக் கண்ணு. எங்க பாக்காகன்னே தெரியாது. அதை வச்சுக்கிட்டு என்னை என்ன பாடு படுத்துனாக தெரியுமா! இப்ப பாருங்க, சினிமாக்காரி கண்ணு. தினமும் பூ வைக்கேன். யாருக்கு வைக்கேன்னே தெரியல. நம்மளத் திட்டுன கண்ணைக் கும்புட்டாலும் ஒரு திருப்தி இருக்கும். இது எவளோ போறவ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறிற்று. அண்ணாச்சி தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கை நடுங்கியதில் பாதி போர்வையில் கொட்டியது.

டீச்சர் பையிலிருந்து தன் கேமராவை எடுத்தார். அதுவும் சின்னதுதான். எந்தப் பட்டியலிலும் இல்லாத பழைய மாடல்.

"மதினி, நான் ஒண்ணு எடுக்கட்டுமா?"

"வேண்டாம் டீச்சர். அவுக எடுக்கட்டும்."

"நான் நல்லா எடுப்பேனே."

"எடுப்பீக. அது தெரியாதா? ஆனா அவுகதான் எடுக்கணும்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்களுக்குப் பிள்ளையா குட்டியா? நான் போன பொறவு அதைப் பாக்கப் போறது இவுக ஒருத்தருதான."

டீச்சர் கேமராவை அண்ணாச்சியின் கையில் வைத்தார்.

"பிடிங்க."

அண்ணாச்சி பிடித்தார். கண்ணுக்குக் கொண்டுபோனார். மதினி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மோவாயை லேசாக நிமிர்த்தி, அவரைப் பார்த்தார். கூச்சப்படுகிற பொம்பளை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்படிப் பார்த்தார். மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். விரல் பட்டன் மேல்தான் இருந்தது.

அண்ணாச்சி கேமராவை இறக்கி டீச்சரிடம் நீட்டினார்.

"வெளிச்சம் பத்தலை."

"ஜன்னலைத் திறக்கட்டா?" என்றேன் நான்.

"வேண்டாம் தம்பி. இந்த லென்ஸு கிட்ட இருந்து எடுத்தா மூக்கைப் பெருசாக் காட்டும்."

"எம்மூக்கு பெருசுதான" என்றார் மதினி.

"காலையில நல்ல வெளிச்சத்துல எடுப்போம், கனி."

"கத்திரிக்கா வாங்கப் போனாலும் இப்படித்தான், டீச்சர். இவுக சொத்தை இல்லாததாப் பாத்துப் பொறுக்கி முடிக்கதுக்குள்ள கடைக்காரன் மூட்டையைக் கட்டிருவான்." மதினி மறுபடி சிரித்தார். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், வெளிச்சமெல்லாம் இருந்துச்சு."

"தெரியும்."

"பழைய கேமராவுல கண்ணை வச்சா ஆளைத்தான் பாப்போம். இதுல உள்ள ஒரு குட்டித் திரை இருக்குலா. எடுக்கதுக்கு முன்னாலயே படமாக் காட்டிருது. நான் அவளைப் பாக்கலை, டீச்சர். படத்தைப் பாத்தேன். சட்டம் போட்டு மாட்டியாச்சு. பொட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி. நான் அமுக்கிட்டா அவ போயிருவா."

"அமுக்கலைன்னா?"

"இருப்பா."

"அண்ணாச்சி."

"இருப்பா, டீச்சர். அவளுக்குப் படம் வேணும்லா? அது கைக்கு வராம எப்படிப் போவா? அதுக்காகவாவது இருப்பா."

ரெண்டு மாசமாக இவர் கேமரா தேடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் நான் கேட்ட கேள்வியை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டீச்சர் கேமராவைத் தூக்கி அண்ணாச்சிக்கு நேராகப் பிடித்தார். சத்தமே இல்லை. இறக்கி, திரையை அவரிடம் காட்டினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஒரு கிழவர்.

"எடுத்துட்டேன். இருக்கீங்களா?"

அண்ணாச்சி தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கேன்."

"போய் எடுங்க."

கேமராவை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினார். வாசற்படிவரை போனார். அங்கே நின்றார். திரும்பி வந்து கேமராவை டீச்சரின் பையிலேயே வைத்துவிட்டார்.

"நான் பதிஞ்சது இந்த வாரம் வருது, டீச்சர். செய்தி வந்துட்டு. அவளுக்குன்னு வாங்குனது. அதுல எடுக்கேன். வந்த அன்னைக்கே எடுத்துருதேன். சத்தியமா."

"கேமரா வந்துரும், அண்ணாச்சி."

"வந்துரும்."

"மதினிகிட்ட காத்திருக்கச் சொல்லிட்டீங்களா?"

அண்ணாச்சி கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வழியெல்லாம் டீச்சரிடம் சண்டை போட்டேன். "நீங்களே டக்குன்னு ஒண்ணு எடுத்துருக்கலாம்லா? சத்தமே வராத கேமராதான? அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"அவங்க என் படத்தைக் கேக்கலை, பிச்சையா" என்றார் டீச்சர்.

அந்தச் சனிக்கிழமை யூடியூபில் பட்டியல் வரவில்லை. "என்ன அண்ணாச்சி, இந்த வாரம் யாரு முதலிடம்?" என்று ஆள் ஆளுக்குக் கேட்டிருந்தார்கள். போன் போட்டேன், எடுக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டியவர் உள்ளே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

காரியத்துக்கு முந்தின ஞாயிறு அண்ணாச்சி வகுப்புக்கு வந்தார். முகமெல்லாம் வெள்ளைத் தாடி. முதல் வரிசையில் உட்காரவில்லை. நேரே டீச்சரின் மேஜைக்குப் போய்ப் பையிலிருந்து கேமராவை எடுத்து வைத்தார்.

சின்னது. வெள்ளிக் கலர். அவ்வளவு லட்சணமாக இருந்தது. எங்கள் எல்லார் கண்ணும் அவரை விட்டுவிட்டு அதன் மேல்தான் போனது. வெட்கக்கேடு, வேறு என்ன சொல்ல.

"வியாழக்கிழமை மத்தியானம் வந்துச்சு, டீச்சர்" என்றார்.

"உக்காருங்க, அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை.

"பெட்டியைப் பாத்ததும் கனி எந்திரிச்சு உக்காந்துட்டா. அவளாவே. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுத் தலையைச் சீவிவிடச் சொன்னா. மாம்பழக் கலர் பட்டை எடுத்துச் சுத்திக்கிட்டா. ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போடச் சொல்லி அதுல உக்காந்தா. ம், எடுங்கன்னா."

"எடுத்தீங்களா?"

"புது பேட்டரி, டீச்சர். முழுசா சார்ஜ் ஏத்தாமப் போடக்கூடாதுலா."

நாங்கள் எல்லாருமே அப்படித்தான் செய்திருப்போம். முதல் தரம் முழுசாக ஏற்றித்தான் போட வேண்டும். அது எங்களுக்கு வேதவாக்கு.

"ஏறுச்சு. போட்டேன். தேதி, மணி எல்லாம் வச்சேன். அந்நேரம் பாத்து, புது மென்பொருள் வந்திருக்கு, ஏத்தட்டுமான்னு கேட்டுச்சு. கண்ணை முன்னைவிட நல்லாக் கண்டுபிடிக்கும்னு போட்டிருந்துச்சு. கண்ணுதான டீச்சர் அவ கேட்டது? கண்ணு தெளிவா விழணும்லா? அதனால ஏத்துனேன். ஏத்தும்போது அணைக்கக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. திரையில கோடு மெள்ள மெள்ள நகந்துச்சு."

"மதினி?"

"இன்னும் எம்புட்டு நேரம்னு கேட்டா. இந்தா முடியப்போகுதுன்னேன். சரி, சடவா இருக்கு, கொஞ்சம் கண்ணை மூடிக்கிடுதேன், ஆனதும் எழுப்புங்கன்னா. நாற்காலியிலயே சாஞ்சுக்கிட்டா." அண்ணாச்சி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஆனதும் எழுப்புனேன், டீச்சர்."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"பொறவு எடுத்தேன்" என்றார் அண்ணாச்சி. "அப்பக் கை நடுங்கலை. ஒரு பயமும் இல்ல. அமுக்குனா போயிருவாளேன்னு பயப்பட இனி என்ன இருக்கு? கேமராதான் விடலை. கண்ணைத் தேடிக்கிட்டே இருந்துச்சு, டீச்சர். அந்தச் சின்னக் கட்டம் அவ முகம் பூரா அலைஞ்சுச்சு."

கேமராவை முடுக்கிப் படத்தைக் காட்டினார். டீச்சர் பார்த்தார். நாங்களும் எழுந்துபோய்ப் பார்த்தோம்.

ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. மாம்பழப் பட்டு. மூக்குத்தி. கழுத்து மச்சம். மூடின ரெண்டு கண். நான் பார்த்த படங்களிலேயே நல்ல படம் அது. அதைச் சொல்ல எனக்கு வயிறு எரிகிறது.

"கண்ணைத் திறந்து தாங்க, டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "மதினி என்ன சொன்னாங்க?"

"வேற ஆளு கண்ணை வைக்காதீகன்னா. வைக்க வேண்டாம். அவ கண்ணையே வைங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். அதற்குள் ஒரு பழைய ஸ்டுடியோ படம். தாவணி போட்ட ஒரு பெண், பூச்சாடிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. பெரிய மூக்கு. கண் நல்ல விரிந்த கண்.

"பீரோவுல துணிக்கு அடியில இருந்துச்சு. எனக்குப் பொண்ணு தேடும்போது தரகரு எங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்த படம். பொண்ணு பாக்கப் போறதுக்கும் முந்தி. பாருங்க, கண்ணு எப்படித் திறந்திருக்கு. வயசு வித்தியாசம் கொஞ்சம் தெரியும். சுத்திச் சுருக்கம் போட்டுச் சரிபண்ணிரலாம்லா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "அவ கண்ணுதான டீச்சர்? அவ கேட்டது அவ கண்ணுதான? இதை வச்சுட்டா அவ சொன்னதைச் செஞ்ச மாதிரிதான? சொல்லுங்க."

டீச்சர் அந்தப் படத்தை வாங்கினார். ஒரு கையில் அது, ஒரு கையில் கேமரா. ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை.

"நல்ல கண்ணு" என்றார்.

"ஆமா, டீச்சர்."

"இதை எடுக்கும்போது யாரைப் பாத்தாங்க?"

"யாரைப் பாப்பா? ஏதோ ஸ்டுடியோக்காரரை. அப்ப நான் ஆருன்னே அவளுக்குத் தெரியாதே."

சொன்ன பிறகு அண்ணாச்சி அப்படியே நின்றார்.

டீச்சர் பழைய படத்தை உறைக்குள் போட்டு, அவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். கேமராவை அவர் கையில் கொடுத்தார். அதில் மதினி ஜன்னல் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"உங்களைப் பாத்த கண்ணு இதுதான், அண்ணாச்சி."